கௌட் பற்றி ஆராய்ச்சிச் செய்தி வந்தால் எப்படிப் படிப்பது

கௌட் என்ற மூட்டு அழற்சி நோய் பற்றியோ அதற்குக் காரணமான யூரிக் ஆசிட் பற்றியோ ஏதாவது ஒரு தகவல் அடிக்கடி வந்து விழாத குடும்ப வாட்ஸ்அப் குழு சிங்கப்பூரில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. செர்ரிச் சாறு கௌட்டைக் கரைக்கும், பருப்பை உடனே நிறுத்து, எலிகளிடம் அதிசயம் செய்த மூலிகை, கௌட் வந்தால் மாரடைப்பு இரு மடங்கு என்று ஓயாமல் வரும். கடைசி வரியில் "ஆராய்ச்சியில் நிரூபணம்" என்று ஒரு முத்திரையும் இருக்கும். எரிச்சல் என்னவென்றால், பல நேரம் அது பொய்யே இல்லை. ஆய்வு உண்மையிலேயே நடந்திருக்கும், முடிவும் வந்திருக்கும், ஆனால் வீங்கிப்போன உங்கள் கால் கட்டைவிரலுக்கும் அந்த முடிவுக்கும் சம்பந்தம் இருக்காது.

அந்த மாதிரிச் செய்தியைப் பிரித்துப் பார்க்கத்தான் இது. மருந்து சொல்வதற்கு இல்லை, நான் மருத்துவரும் இல்லை. வீட்டில் கௌட் இருப்பதால் ஆய்வுச் சுருக்கங்களைப் படிக்கப் பழகிக்கொண்டவன், அவ்வளவுதான். கௌட் ஆய்வு எதுவாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: இவர்கள் அளந்தது எதை? இரத்தத்தில் இருக்கும் யூரிக் ஆசிட் அளவையா, மூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் படிகத்தையா, அந்தப் படிகத்தைக் கண்டு உடம்பின் நோய் எதிர்ப்பாற்றல் கிளப்பும் அழற்சியையா? மூன்றும் ஒரே நோயின் மூன்று கட்டங்கள்தான். ஆனால் ஒன்றில் கண்டதை இன்னொன்றின் தலையில் கட்டிவிட முடியாது. வாட்ஸ்அப் குழப்பத்தில் முக்கால்வாசி இப்படித் தலையில் கட்டுவதால் வருவது.

முதலில் மூன்றையும் பிரித்துக்கொள்ளுங்கள்

எண்ணிலிருந்து தொடங்குவோம். நம் உடம்பின் அணுக்கள் சிதையும்போதும் நாம் சாப்பிடும் உணவிலிருந்தும் பியூரின் வருகிறது, அது உடைந்து உடைந்து கடைசியில் யூரிக் ஆசிட் ஆகிறது. பெரும்பாலான பாலூட்டிகளிடம் யூரிகேஸ் என்ற நொதி இருப்பதால் அவை இதை இன்னும் ஒரு படி உடைத்து, எளிதில் கரையும் பொருளாக்கி வெளியேற்றிவிடும். மனிதனின் மூதாதைகள் பல மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பே அந்த நொதியை இழந்துவிட்டார்கள். ஆகவே நமக்கு சிறுநீரகம்தான் கதி, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அந்த வழியாகவும் மீதி குடல் வழியாகவும் போகிறது. கௌட் உள்ள பெரும்பாலானவர்களுக்கு யூரிக் ஆசிட் அதிகமாக உற்பத்தியாவதைவிட, சரியாக வெளியேறாததுதான் சிக்கல்.

37 டிகிரி வெப்பத்தில் டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராம் வரைதான் அது இரத்தத்தில் கரைந்து நிற்கும். அமெரிக்கக் கட்டுரைகள் இந்த அலகில்தான் எழுதும், "6-க்குக் கீழே கொண்டு வாருங்கள்" என்று. இங்கே நம் இரத்தப் பரிசோதனை அறிக்கையில் லிட்டருக்கு மைக்ரோமோல் என்று வரும், ஹெல்த்ஹப் செயலியைத் திறந்து பார்த்தால் 512 என்று இருக்கும், உடனே சித்தப்பா "ஆறு இருக்க வேண்டியது ஐந்நூறா!" என்று பதறுவார். பதற வேண்டாம். மைக்ரோமோலை ஏறக்குறைய 60-ஆல் வகுத்தால் மில்லிகிராம் வந்துவிடும். 512 என்றால் ஏறக்குறைய 8.5, அதிகம்தான், உலகம் அழியும் அளவுக்கு இல்லை. 6 என்பது 360. படிகம் திரண்டு தோலுக்கடியில் கட்டிகள் விழும் அளவுக்கு முற்றியவர்களுக்கு மருத்துவர்கள் 300-க்குக் கீழே கொண்டு வரப் பார்ப்பார்கள். ஒன்று கவனியுங்கள்: ஆய்வகம் அச்சிடும் "வழக்கமான வரம்பு" 400-ஐத் தாண்டியும் போகலாம், கௌட் உள்ளவருக்கு மருத்துவர் வைக்கும் இலக்கு அதைவிடக் குறைவு. அறிக்கையில் சிவப்புக் குறி இல்லை என்பதற்காக இலக்கைத் தொட்டுவிட்டதாக நினைக்கக் கூடாது.

இந்த எண் மட்டுமே நோயாகிவிடாது. 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு பல பெரிய தொடர் ஆய்வுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது: யூரிக் ஆசிட் 10 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தவர்களில்கூட 15 ஆண்டுகளில் பாதிப் பேருக்குத்தான் கௌட் வந்தது. மற்றப் பாதிக்கு வரவே இல்லை. ஆக "இந்த மூலிகை யூரிக் ஆசிட்டைக் குறைத்தது" என்ற ஆய்வு எண்ணைப் பற்றிப் பேசுகிறது, வலியைப் பற்றி இன்னும் வாயே திறக்கவில்லை.

அடுத்து படிகம். கௌட் இருக்கிறதா இல்லையா என்பதை அடித்துச் சொல்வது இதுதான். முட்டியிலிருந்து ஊசியால் இழுக்கும் நீர் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்க வேண்டியது, வலி உச்சத்தில் இருக்கும்போது கலங்கிப்போய் மஞ்சளாக வரும். அதில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் விட்டுத் தளவிளைவு ஒளி நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், இருண்ட பின்னணியில் மெல்லிய ஊசிகள் பளிச்சென்று தெரியும். சில ஊசிகள் வெள்ளணு ஒன்றுக்குள் புகுந்து இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். நுண்ணோக்கியில் செருகும் வடிகட்டியின் அச்சுக்கு இணையாகக் கிடக்கும் ஊசி மஞ்சளாகவும் குறுக்கே கிடப்பது நீலமாகவும் இருக்கும், தகட்டைத் திருப்பினால் நிறம் இடம் மாறும். நிறம் நேர்மாறாக வந்தால் அது யூரேட் (யூரிக் ஆசிட்டின் உப்பு) இல்லை, கால்சியம் பைரோபாஸ்பேட், அதாவது போலி கௌட். 1961-இல் மெக்கார்ட்டியும் ஹாலண்டரும் இந்த முறையைக் காட்டிய பிறகுதான் இரண்டையும் பிரிக்க முடிந்தது. எல்லோருக்கும் இந்தச் சோதனை செய்வதில்லை, அறிகுறிகளை வைத்தே பலருக்கு முடிவு செய்துவிடுவார்கள். ஆனால் ஓர் ஆய்வில் "கௌட் நோயாளிகள்" என்று எழுதியிருந்தால் யாரை அப்படிக் கணக்கில் எடுத்தார்கள், படிகம் பார்த்தார்களா, நோயாளி தானே சொன்னதா என்று ஒரு கண் வையுங்கள், ஆய்வின் தரம் அங்கேயே பாதி தெரிந்துவிடும்.

வலி இல்லாத மாதங்களிலும் படிகம் மூட்டில் இருக்கும். கௌட்டே வராத, யூரிக் ஆசிட் மட்டும் ஏறியிருக்கும் சிலரிடமும் இரட்டை ஆற்றல் சிடி ஸ்கேனில் படிகம் தெரிந்திருக்கிறது. அப்படியானால் ஒரு நாள் இரவு திடீரென்று போர்வை பட்டாலே உயிர் போகும் அளவுக்கு வலி ஏன் கிளம்புகிறது? அங்கேதான் மூன்றாவது வருகிறது, சுவாரசியமானதும் அதுதான்.

2006-இல் சுவிட்சர்லாந்தில் யூர்க் சோப்பின் குழு கண்டுபிடித்தது: மூட்டில் இருக்கும் விழுங்கணுக்கள் யூரேட் ஊசியை விழுங்கிவிட்டுச் செரிக்க முடியாமல் திணறும்போது, அணுவுக்குள் என்எல்ஆர்பி3 என்ற புரதக் கூட்டமைப்பு விழித்துக்கொள்கிறது. அது இன்டர்லூகின்-1 பீட்டா என்ற செய்திப் பொருளை வெட்டித் தயார் செய்து வெளியே விடுகிறது, அந்தச் செய்தியைக் கேட்டு நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் கூட்டம் கூட்டமாக மூட்டுக்குள் பாய்கின்றன. சிவப்பு, சூடு, வீக்கம், வலி எல்லாம் அவற்றின் வேலை. வேடிக்கை என்னவென்றால், தாக்குதலை முடித்து வைப்பதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. நியூட்ரோஃபில்கள் செத்துத் தங்கள் டிஎன்ஏ இழைகளை வலையாக வீசுகின்றன, வலைகள் திரண்டு அழற்சிப் பொருட்களைப் பிடித்துச் சிதைக்கின்றன என்று 2014-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. கௌட் வலி மருந்தே இல்லாமலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்குவதற்கு இது ஒரு காரணம். அப்படி அடங்கும் நாளில் நீங்கள் எதைக் குடித்துக்கொண்டிருந்தீர்களோ அதற்குத்தான் பெயர் போகும், வாழைத்தண்டுச் சாறோ, கொத்தமல்லித் தண்ணீரோ, ஏதோ ஒன்று!

இதனால்தான் "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டி கௌட்டை விரட்டும்" என்று எழுதிய டப்பாவைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். கௌட் தாக்குதல் என்பதே எதிர்ப்பாற்றல் தேவைக்கு மேல் வேலை செய்வதுதான், அதைப் போய் இன்னும் கூட்டுவதா? இன்னொரு பக்கம், கௌட்டை முடக்குவாதம், லூபஸ் போன்றவற்றோடு ஒரே மூட்டையில் கட்டும் செய்திகளும் வருகின்றன. அவற்றில் எதிர்ப்பாற்றல் சொந்த உடம்பையே எதிரியாக எண்ணிக் குறிவைக்கிறது, அதற்கென்று எதிர்ப்புப் பொருட்களும் இரத்தத்தில் இருக்கும். கௌட்டில் அப்படி இல்லை, பிறவியிலேயே வரும் முதல்நிலை எதிர்ப்பாற்றல் ஒரு படிகத்தைக் கண்டு கொதிக்கிறது. ஆகவே முடக்குவாத மருந்து பற்றிய ஆய்வை வைத்துக்கொண்டு கௌட்டுக்குக் கணக்குப் போட வேண்டாம்.

மூன்றும் தனித்தனி என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று கான்டோஸ் என்ற பெரிய ஆய்வு. மாரடைப்பு வந்த 10,061 பேருக்கு இன்டர்லூகின்-1 பீட்டாவைத் தடுக்கும் கானகினுமாப் ஊசியையோ வெறும் ஊசியையோ போட்டார்கள், இதயத்துக்கு உதவுமா என்று பார்க்க. 2018-இல் அதே தரவில் கௌட்டைத் தேடிப் பார்த்தபோது, மருந்து போட்டவர்களுக்குத் தாக்குதல் பாதிக்கும் மேல் குறைந்திருந்தது, யூரிக் ஆசிட் அளவோ துளியும் மாறவில்லை. நெருப்பு அணைந்தது, விறகு அப்படியே கிடந்தது.

ஒரு செய்தியை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம்: செர்ரி

செர்ரி பற்றிய செய்தி வருடா வருடம் வரும். அதன் பின்னால் இருப்பது 2012-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் வெளியிட்டது. கௌட் உள்ள 633 பேரை இணையம் வழியாக ஓராண்டு தொடர்ந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தாக்குதல் வந்ததற்கு முந்தைய 2 நாளையும், தாக்குதல் வராத வேறு 2 நாளையும் ஒப்பிட்டார்கள். செர்ரி சாப்பிட்ட நாட்களை ஒட்டித் தாக்குதல் 35 விழுக்காடு குறைவு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆளை ஆளோடு ஒப்பிடாமல் அவரவரையே ஒப்பிட்டதும் நல்ல யோசனை.

இப்போது நம் கேள்வியைப் போடுவோம். அளந்தது எதை? தாக்குதலை, அதாவது மூன்றாவதை. எண்ணை அளக்கவில்லை, படிகத்தைப் பார்க்கவே இல்லை. அடுத்து, ஆய்வாளர்கள் யாருக்கும் செர்ரி கொடுக்கவில்லை, சாப்பிட்டவர்கள் தாங்களே சாப்பிட்டார்கள். செர்ரி சாப்பிடும் நாளில் ஒருவர் பீரையும் சூப் துலாங் என்ற எலும்புச் சூப்பையும் தொடாமல் இருந்திருக்கலாம், நிறையத் தண்ணீர் குடித்திருக்கலாம். கணக்கில் சிலவற்றை ஈடுகட்டலாம், எல்லாவற்றையும் முடியாது.

அப்புறம் நியூசிலாந்தில் 50 கௌட் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, செறிவூட்டிய புளிப்புச் செர்ரிச் சாற்றை வெவ்வேறு அளவில் 28 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். யூரிக் ஆசிட் இறங்கவில்லை. இரண்டு ஆய்வும் மோதுகின்றனவா? கட்டாயம் இல்லை. முதலாவது வலியைப் பார்த்தது, இரண்டாவது முக்கியமாக எண்ணைப் பார்த்தது, அதுவும் ஒரு மாதத்துக்கு மட்டும், சில பேரிடம். நியாயமாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: செர்ரி அழற்சியைக் கொஞ்சம் தணிக்கலாம், ஆனால் யூரிக் ஆசிட்டைக் குறைத்துப் படிகத்தைக் கரைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. "கரைக்கும்" என்ற ஒரு சொல்லில்தான் செய்தி கெட்டுப்போகிறது. பேரங்காடியில் பாட்டிலை எடுத்தால் சர்க்கரை அளவைக் காட்டும் நியூட்ரி-கிரேட் எழுத்தையும் பாருங்கள், ஃபிரக்டோஸ் சர்க்கரையைக் கல்லீரல் உடைக்கும்போதே யூரிக் ஆசிட் உண்டாகும், இனிப்பூட்டிய செர்ரி பானத்தைக் குடம் குடமாகக் குடித்து என்ன பயன்?

யாரிடம் அளந்தார்கள்

எலி என்று படித்ததும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். எல்லா நோய்க்கும் இது பொருந்தும், கௌட்டுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும், ஏனென்றால் எலிக்கு யூரிகேஸ் நொதி இருக்கிறது, அதற்கு இயல்பாகக் கௌட் வராது. நொதியைத் தடுக்கும் வேதிப்பொருளைக் கொடுத்து யூரிக் ஆசிட்டை ஏற்றி, இல்லையென்றால் படிகத்தையே ஊசியால் செலுத்தி, செயற்கையாகத்தான் ஆய்வு நடத்த வேண்டும். அழற்சி எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ள எலி ஆய்வு அருமையானது, என்எல்ஆர்பி3 கதையில் எலிக்கும் பங்கு உண்டு. ஆனால் "மூலிகை எலியின் யூரிக் ஆசிட்டைக் குறைத்தது" என்பதை மனிதனுக்குக் கொண்டுவர இடையில் ஒரு கடலே இருக்கிறது.

மனிதர்களிலும் யார் என்பது முக்கியம். வைட்டமின் சி கதையைப் பாருங்கள். பல சிறு ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் பார்த்தபோது வைட்டமின் சி மாத்திரை யூரிக் ஆசிட்டைச் சராசரியாக 0.35 மில்லிகிராம் குறைத்தது. அது பெரும்பாலும் கௌட் இல்லாதவர்களிடம். 2013-இல் கௌட் உள்ள 40 பேருக்கே தினம் 500 மில்லிகிராம் வீதம் 8 வாரம் கொடுத்துப் பார்த்ததில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் குறையவில்லை.

இனமும் முக்கியம், நம் ஊரில் இதைச் சொல்லியே ஆக வேண்டும். யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரை சாப்பிட்ட மிகச் சிலருக்குத் தோல் உரியும் அளவுக்கு உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை வரும். அதுவும் எதிர்ப்பாற்றல் செய்யும் வேலைதான். 2005-இல் தைவானில் அப்படி ஒவ்வாமை வந்த 51 சீனர்களைச் சோதித்தபோது 51 பேரிடமும் எச்எல்ஏ-பி 58:01 என்ற மரபணு வகை இருந்தது, மருந்து ஒத்துக்கொண்ட சீனர்களில் 15 விழுக்காட்டினரிடம்தான் இருந்தது. இதில் இரண்டு பாடம். அந்த வகை இருப்பவர் எல்லோருக்கும் ஒவ்வாமை வராது. அது சீனர்களிடம் அதிகம், இந்தியர்களிடம் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. ஐரோப்பியர்களை மட்டும் வைத்து நடத்திய ஆய்வு "மிக அரிது" என்று சொன்னால் அதை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ளக் கூடாது. சிறுநீரகம் பலவீனமானவர்களும் வயதானவர்களும் மருந்தைத் தொடங்கும் முன் இந்தச் சோதனை தனக்குத் தேவையா என்று கேட்கலாம். சோதனை செய்தாலும் செய்யாவிட்டாலும், முதல் மூன்று மாதத்தில் தோலில் தடிப்போ, காய்ச்சலோ, வாய்ப்புண்ணோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

பருப்பை நிறுத்தச் சொன்னது யார்

பியூரின் பட்டியலில் பருப்பும் கீரையும் காளானும் இருப்பதால் வந்த வினை இது. பட்டியல் உணவுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்கிறது, சாப்பிட்டவருக்கு என்ன ஆனது என்று சொல்லவில்லை. அதைப் பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன. அமெரிக்காவில் 47,150 ஆண்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து 2004-இல் வெளியிட்டதில், இறைச்சியும் கடலுணவும் அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் கௌட் கூடியது, பியூரின் உள்ள காய்கறி, பருப்பு வகைகளால் கூடவில்லை, பால் பொருட்கள் சாப்பிட்டவர்களுக்குக் குறைந்தது. அடுத்து நம் ஊரிலேயே, 1993 முதல் 1998 வரை சேர்த்த 63,257 பேரைக் கொண்ட சிங்கப்பூர்ச் சீனர் சுகாதார ஆய்வு. அதிலிருந்து 2015-இல் வந்த முடிவு: கோழி, மீன், சிப்பி வகை அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் கௌட் ஆபத்து கூடுதல், தாவ்ஹு முதலான சோயாப் பொருட்களும் மற்றப் பருப்பு வகைகளும் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து குறைவு. அதில் இந்தியர்கள் இல்லை என்பது உண்மை, உணவைத் தேர்ந்தது அவரவர்தான் என்ற குறையும் உண்டு. ஆனாலும் தேக்காவில் பருப்பு வாங்கப் பயப்படுகிறவர்களுக்கு இது போதும். சாம்பாரை விட்டுவிட்டு, அதே வாரம் பீரும் இக்கான் பிலிஸ் (நெத்திலி) பொரியலும் ஈரல் வறுவலும் என்று இருப்பதில் என்ன பத்தியம்?

உணவின் பங்கே பெரிதில்லை என்று சொல்லும் ஆய்வும் உண்டு. ஐரோப்பிய வம்சாவளியைச் சேர்ந்த 16,760 பேரைப் பார்த்து 2018-இல் வெளியானது: ஆளுக்கு ஆள் யூரிக் ஆசிட் வேறுபடுவதில் மரபணுக்களுக்கு ஏறக்குறைய 24 விழுக்காட்டுப் பங்கு, தனித்தனி உணவுப் பொருள் ஒவ்வொன்றுக்கும் 1 விழுக்காட்டைவிடக் குறைவு. கௌட் வந்தவரைப் பார்த்து "வாயைக் கட்ட மாட்டேன் என்கிறார்" என்று வீட்டில் எல்லோரும் பேசுவதை நிறுத்த எனக்கு உதவிய ஆய்வு இது.

இரு மடங்கு என்றால் எவ்வளவு

மடங்குக் கணக்கு வந்தால் உடனே எத்தனையிலிருந்து எத்தனை என்று தேடுங்கள். 2022-இல் பிரிட்டனில் கௌட் நோயாளிகளின் பதிவேடுகளை வைத்து ஓர் ஆய்வு: மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களில் 2 விழுக்காட்டினருக்கு அதற்கு முந்தைய 60 நாளுக்குள் கௌட் தாக்குதல் இருந்தது, வராதவர்களில் 1.4 விழுக்காட்டினருக்கு. மற்ற காரணங்களை ஈடுகட்டிப் பார்த்தால் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. செய்தி தவறில்லை. ஆனால் தாக்குதல் வந்த ஒவ்வொருவருக்கும் மாரடைப்பு காத்திருக்கிறது என்பது அதன் பொருள் இல்லை. அழற்சி மூட்டோடு நிற்பதில்லை, ஆகவே கௌட்டைப் பார்க்கப் போகும்போது இரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை மூன்றையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள் என்பதுதான் இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது.

யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் இன்னொரு மருந்தான ஃபெபுக்சோஸ்டாட் மாத்திரைக்கும் இதே மாதிரி ஒரு பீதி. 2018-இல் கேர்ஸ் ஆய்வு, ஏற்கெனவே இதய நோய் இருந்தவர்களிடம், ஃபெபுக்சோஸ்டாட் தரப்பில் இதயச் சாவு 4.3 விழுக்காடு, அலோபியூரினால் தரப்பில் 3.2. பாதிக்கு மேற்பட்டோர் இடையிலேயே மருந்தை விட்டுவிட்டார்கள். 2020-இல் ஐரோப்பாவில் நடந்த ஃபாஸ்ட் ஆய்வில் அந்த வேறுபாடு தெரியவில்லை. ஒரு செய்தியைப் படித்துவிட்டு மாத்திரையைக் குப்பையில் போடாமல், உங்கள் இதய வரலாற்றைச் சொல்லிக் கேளுங்கள்.

மருந்துச் செய்தி என்றால்

இங்கே மூன்று கட்டக் கணக்கு நேரடியாகக் கைகொடுக்கும். கோல்சிசினும் ஸ்டீராய்டும் வலி மாத்திரைகளும் அழற்சியை மட்டும் தொடும். அலோபியூரினாலும் ஃபெபுக்சோஸ்டாட்டும் எண்ணைத் தொடும், எண் 360-க்குக் கீழே மாதக்கணக்கில் நின்றால்தான் படிகம் மெல்லக் கரையும். கரையத் தொடங்கும்போது சிதறும் படிகம் எதிர்ப்பாற்றலை உசுப்பிவிடும், முதல் சில மாதங்களில் தாக்குதல் கூடலாம். "மருந்து ஆரம்பித்த பிறகுதான் வலி அதிகமானது, நிறுத்திவிட்டேன்" என்று காப்பிக்கடையில் கேட்கும் கதை இதுதான். அதனால்தான் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றுவதும், மூன்று முதல் ஆறு மாதம் சிறு அளவு கோல்சிசினைக் கூடவே கொடுப்பதும். இதைப் பொறுமையாக நோயாளிக்கு விளக்கினால் என்ன ஆகும் என்றே ஓர் ஆய்வு இருக்கிறது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 517 பேர், ஒரு பகுதியினரைத் தாதியர் கவனித்தார்கள், காரணம் சொன்னார்கள், எண்ணைப் பார்த்து மருந்தை ஏற்றினார்கள். 2018-இல் வந்த முடிவு: இரண்டு ஆண்டில் இலக்கைத் தொட்டவர்கள் 95 விழுக்காடு, வழக்கமான கவனிப்பில் 30. புது மருந்து எதுவும் இல்லை. கௌட்டில் நான் படித்தவற்றில் மிகவும் மதிக்கும் ஆய்வு இது, இதை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பார்த்ததில்லை.

கோல்சிசின் பற்றி நமக்கென்றே ஓர் எச்சரிக்கை. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளில், அதாவது கண்வலிக் கிழங்குச் செடியில், இந்தப் பொருள் இருக்கிறது, தாராபுரம் பக்கம் விதைக்காகவே பயிரிட்டு ஏற்றுமதி செய்கிறார்கள். "இயற்கையான கௌட் மருந்து" என்று அந்தக் கிழங்கை யாராவது அரைக்கச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், செடி முழுவதும் விஷம், அளவு கொஞ்சம் தப்பினாலும் ஆளைக் கொல்லும். மாத்திரையிலும் அதிகம் சாப்பிட்டால் அதிகப் பலன் என்பது இல்லை. 2010-இல் வந்த ஆய்வில் ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்த 1.8 மில்லிகிராம், பழைய முறைப்படி ஆறு மணி நேரத்தில் கொடுத்த 4.8 மில்லிகிராமுக்கு இணையாக வேலை செய்தது, வயிற்றுப்போக்கு வெகுவாகக் குறைந்தது. உங்கள் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், சிறுநீரகத்தையும் மற்ற மாத்திரைகளையும் பார்த்து.

லூபஸுக்கோ குடல் அழற்சிக்கோ மாற்று உறுப்புக்கோ எதிர்ப்பாற்றலை அடக்கும் அசதியோபிரின் மருந்தைச் சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் அலோபியூரினாலை யாரும் கடன் கொடுக்க வேண்டாம். இரண்டு மருந்துமே கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்ச்சிங்ஸ் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவை, 1988-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அசதியோபிரினை உடைத்து வெளியேற்றும் நொதியைத்தான் அலோபியூரினால் தடுக்கிறது. சேர்த்துச் சாப்பிட்டால் அசதியோபிரின் உடம்பில் தேங்கி எலும்பு மஜ்ஜையை முடக்கிவிடும்.

இன்னொன்று, "ஒரே நாளில் வலி பறந்தது" என்று சாட்சியங்களோடு விற்கும் மூட்டுவலிப் பொடிகளும் மாத்திரைகளும். சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் இப்படிப்பட்டவற்றில் லேபிளில் சொல்லாத டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைத் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. வலி உண்மையிலேயே பறக்கும், மூன்றாவது கட்டத்தை அடித்துப் போட்டால் பறக்காமல் என்ன செய்யும்? எண்ணும் படிகமும் இருந்த இடத்திலேயே இருக்கும், கூடவே சர்க்கரையும் முக வீக்கமும் வரும்.

மருத்துவரிடம் எப்படிக் கொண்டு போவது

பலதுறை மருந்தகத்தில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். கைப்பேசியில் இருபது தகவலைத் திறந்து காட்டினால் மருத்துவர் முகம் மாறத்தான் செய்யும். மருத்துவ ஆய்வுகளைத் தேடும் பப்மெட் தளத்தில் ஆய்வின் பெயரைத் தேடினால் ஒரு பக்கச் சுருக்கம் இலவசமாகக் கிடைக்கும், அதில் எத்தனை பேர், எவ்வளவு காலம், எதை அளந்தார்கள் என்ற மூன்றையும் பார்த்துவிட்டு, இன்னும் சந்தேகம் இருந்தால் அந்த ஒன்றை மட்டும் எடுத்துப் போங்கள். கேள்வியையும் உங்களைப் பற்றியதாகவே கேளுங்கள்: என் எண் இப்போது எத்தனை, இலக்கு எத்தனை, அங்கே போக அடுத்து என்ன? வலி உச்சத்தில் இருக்கும்போது எடுத்த இரத்தத்தில் யூரிக் ஆசிட் இயல்பாகவோ குறைவாகவோகூட வரலாம், அதை வைத்துக் கௌட் இல்லை என்று முடிவு கட்டாமல் இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ஊரிலிருந்தோ ஜோகூரிலிருந்தோ வாங்கி வந்த வலி மாத்திரை இருந்தால் பட்டையோடு எடுத்துப் போங்கள், சிறுநீரகத்தை அது பாதிக்கலாம். இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் சில நீர் மாத்திரைகள் யூரிக் ஆசிட்டை ஏற்றும், லோசார்ட்டான் என்ற இரத்த அழுத்த மாத்திரை கொஞ்சம் இறக்கும், அதையும் கேட்கலாம், நீங்களாக மாற்றக் கூடாது. செலவைப் பொறுத்தவரை நாட்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்தில் கௌட்டும் இருக்கிறது, மெடிசேவ் பயன்படுத்த முடியும், சாஸ் மானிய அட்டை உள்ளவர்கள் பக்கத்துப் பொது மருத்துவரிடமும் கேட்டுப் பார்க்கலாம்.

ஒரே ஒரு நிலையில் எதையும் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். மூட்டு வீங்கி, கூடவே காய்ச்சலோ நடுக்கமோ இருந்தால் அது மூட்டுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம், பார்வைக்குக் கௌட் மாதிரியே இருக்கும். 2015-இல் இங்கே பச்சை நன்னீர் மீன் சாப்பிட்டவர்களிடையே பரவிய பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றில் சிலருக்கு மூட்டும் பழுதானது நினைவிருக்கலாம். நீரில் யூரேட் ஊசி தெரிந்தால்கூடத் தொற்று இல்லை என்று ஆகிவிடாது, இரண்டும் ஒரே மூட்டில் சேர்ந்து இருக்கலாம், அதனால்தான் நீரைக் கிருமிச் சோதனைக்கும் அனுப்புவார்கள். நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், கடைசியாக என்ன மாத்திரை, எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு.